படிப்பு முடிந்த பின் வேலை அனுமதி: மனுச் செய்ய வேண்டியவர் யார்?



நம் முன்னோர் காலத்தில் கடைக்கு ஆள் வேண்டுமென்றால் ஊருக்கு ஒரு கடிதம் எழுதினால் போதும். சகோதரியின் பிள்ளையோ, பங்காளி வீட்டுப் பிள்ளையோ கப்பலேறி வந்து சேருவார். கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று தொழில் பழகுவார். சில ஆண்டுகளில் தனிக் கடையும் வைத்துவிடுவார். 1953ஆம் ஆண்டில் குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பின் அந்த வழி குறுகிவிட்டது. இன்று ஊர்ப் பிள்ளைகள் சிலர் வேறொரு வழியில் சிங்கப்பூருக்கு வருகிறார்கள். கடைக்கு அல்ல, கல்லூரிக்கு வருகிறார்கள். இது நாம் மகிழ வேண்டிய மாற்றமே.

ஆயினும், படிப்பு முடியும் நாளில் நம்மவர் பலரிடம் ஒரு தவறான எண்ணம் எழுவதைக் காண்கிறோம். "பிள்ளை பட்டம் வாங்கிவிட்டான்; இனி ஒரு பெர்மிட்டுக்கு மனுப் போட்டுவிட்டால் கடையிலேயே இருந்துவிடலாம்" என்று மாமன்மார் சொல்கிறார்கள். பட்டம் என்பது வேலை அனுமதி அன்று. அனுமதிக்கு மனுச் செய்பவரும் பட்டம் பெற்ற பிள்ளை அல்லர். வேலை கொடுக்கும் முதலாளியே ஆவார். ஆகவே இது மாணவர்க்குரிய பாடம் என்று தள்ளிவிடாமல், முதலாளிமார்களாகிய நமக்குரிய பாடம் என்று கருதிப் படிப்போமாக. இங்குக் கூறுவன யாவும் சிங்கப்பூர்ச் சட்டத்தைப் பற்றியவை.

பெயர்களை முதலில் பிரித்தறிவோம்

நாம் எல்லாவற்றையும் 'பெர்மிட்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். மனிதவள அமைச்சோ மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. வொர்க் பெர்மிட் என்பது உடலுழைப்பும் கைத்தொழிலும் சார்ந்த ஊழியர்க்கு உரியது. சேவைத் துறையில் இந்தியக் குடிமக்களை, அமைச்சு பட்டியலிட்ட சில தொழில்களுக்கு மட்டுமே அதில் எடுக்க முடியும். எஸ் பாஸ் என்பது நடுத்தரத் தேர்ச்சி பெற்ற ஊழியர்க்கு உரியது. எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்பது நிர்வாகிகளுக்கும் நிபுணர்களுக்கும் உரியது. பட்டதாரிப் பிள்ளைக்குப் பொருந்துவன பின் இரண்டுமே.

படிப்பு முடிந்த மறுநாள்

மாணவர் அனுமதி படிப்பதற்காகக் கொடுக்கப்பட்டது. படிப்பு முடிந்தால் அதன் காரியமும் முடிந்தது. அதை ரத்துச் செய்ய 7 நாள் தவணையே உண்டு. அங்கீகாரம் பெற்ற உயர்கல்வி நிலையங்களில் பட்டம் பெற்றவர்கள், வேலை தேடுவதற்காக ஓராண்டு வரையிலான நீண்டகால வருகை அனுமதிக்குக் குடிநுழைவு ஆணையத்திடம் விண்ணப்பிக்கலாம். இது ஒரே தடவைதான், புதுப்பிக்க இயலாது. இந்த அனுமதி வேலை தேடுவதற்கேயன்றி வேலை செய்வதற்கு அன்று என்பதை அடிக்கோடிட்டுக் கொள்க.

படிக்கும் காலத்திலும் இவ்வாறே ஓர் எல்லை உண்டு. அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களின் முழுநேர மாணவர், பாடம் நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 16 மணி நேரம் வரை தனி அனுமதியின்றி வேலை செய்யலாம். விடுமுறையில் இந்த வரம்பு இல்லை. பட்டியலில் இல்லாத தனியார் கல்லூரி மாணவர் ஒரு மணி நேரமும் வேலை செய்யக் கூடாது. "சம்பளமா கொடுக்கிறோம்? சொந்தப் பிள்ளை சும்மா கல்லாவில் உட்காருகிறான்" என்ற சமாதானம் அதிகாரிகளிடம் செல்லாது. செல்லுபடியாகும் அனுமதி இல்லாத அந்நியரை வேலைக்கு வைத்த முதலாளிக்கு 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். உறவு என்பதற்காகச் சட்டம் கண்ணை மூடிக்கொள்வதில்லை.

சம்பளம் என்ற முதல் வாசல்

எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு முதல் நிபந்தனை சம்பளம். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2020 செப்டம்பரில் 4,500 வெள்ளியாக இருந்தது. புதிய விண்ணப்பங்களுக்கு அது 2022 செப்டம்பரில் 5,000 வெள்ளியாகவும், 2025 ஜனவரி 1 முதல் 5,600 வெள்ளியாகவும் உயர்ந்தது. நிதித் துறைக்கு இன்னும் கூடுதல். இந்தத் தொகை 23 வயதுக்காரருக்கு உரியது. வயது ஏற ஏறத் தொகையும் ஏறும்.

இதில் ஒரு படிப்பினை இருக்கிறது. 2021இல் நான்காண்டுப் படிப்பில் சேர்ந்த பிள்ளை, 4,500 வெள்ளி என்ற கணக்கை மனத்தில் வைத்து வந்திருப்பார். 2025இல் பட்டம் பெற்று வெளியே வந்தபோது வாசலின் உயரம் 1,100 வெள்ளி கூடியிருந்தது. சேரும் நாளில் உள்ள தொகையை நம்பித் திட்டமிடுவது, போன வருஷத்துக் கொள்முதல் விலையைப் பார்த்து இந்த வருஷத்துக்குச் சரக்கெடுக்கப் பணம் ஒதுக்குவதற்குச் சமம்.

சம்பளம் என்பதற்கும் பொருள் உண்டு. மாதந்தோறும் மாறாமல் கொடுக்கும் அடிப்படைச் சம்பளமும் நிலையான படிகளும் மட்டுமே கணக்கில் சேரும். போனஸ், கமிஷன், மிகைநேர ஊதியம் ஆகியவை சேரா. கடை மாடியில் தங்க இடமும் மூன்று வேளைச் சாப்பாடும் கொடுக்கிறோம் என்று நாம் பெருமையாகச் சொல்லலாம். அதற்கும் அந்தக் கணக்கில் மதிப்பில்லை.

புள்ளிக் கணக்கு என்ற இரண்டாம் வாசல்

2023 செப்டம்பர் 1 முதல் புதிய விண்ணப்பங்களுக்குக் காம்பாஸ் என்னும் புள்ளிமுறை நடப்பில் இருக்கிறது. தேறுவதற்கு 40 புள்ளிகள் வேண்டும். நான்கு அடிப்படைகளில் ஒவ்வொன்றுக்கும் 0, 10 அல்லது 20 புள்ளி கிடைக்கும்.

முதலாவது சம்பளம். அந்தத் துறையில் அதே வயதுக்கு ஏற்ப, உள்நாட்டு நிர்வாக, நிபுணத்துவ ஊழியர் நூறு பேரைச் சம்பள வரிசையில் நிறுத்துவதாகக் கொள்வோம். அறுபத்தைந்து பேரைத் தாண்டும் சம்பளத்துக்கு 10 புள்ளி. தொண்ணூறு பேரைத் தாண்டினால் 20.

இரண்டாவது கல்வித் தகுதி. அமைச்சு உயர்தரமென ஏற்ற கல்வி நிலையத்தின் பட்டத்துக்கு 20 புள்ளி. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் முதலிய தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் இதில் அடங்கும். ஏனைய ஏற்கத்தக்க பட்டத்துக்கு 10 புள்ளி. பட்டத்துக்குக் குறைந்த படிப்புக்குப் பொதுவாகப் புள்ளி இல்லை.

மூன்றாவது, நிறுவனத்தில் பல நாட்டவர் கலந்திருத்தல். நான்காவது, உள்நாட்டவர்க்கு வேலை கொடுத்தல். நிர்வாக, நிபுணத்துவ ஊழியர் 25 பேருக்குக் குறைவாக உள்ள சிறு நிறுவனங்களுக்கு, இவ்விரண்டிலும் தலா 10 புள்ளி தானாகவே கிடைக்கும். இவையன்றி, பற்றாக்குறையான தொழில்களுக்கும் அரசின் பொருளாதாரத் திட்டங்களில் பங்குகொள்ளும் நிறுவனங்களுக்கும் கூடுதல் புள்ளிகள் உண்டு. சாதாரண வர்த்தகர் அவற்றை நம்பிக் கணக்குப் போடலாகாது.

இனி ஓர் உதாரணம் கொள்வோம். எட்டுச் சிப்பந்திகள் உள்ள ஒரு ஜவுளி மொத்த வியாபாரம். மூன்றாவது, நான்காவது அடிப்படைகளில் 20 புள்ளி கையில் இருக்கிறது. பிள்ளை நன்யாங்கில் கணக்கியல் பட்டம் பெற்றவராயின் மேலும் 20, ஆக 40. சட்டப்படியான குறைந்தபட்சச் சம்பளத்தைக் கொடுத்தாலே புள்ளிக் கணக்கு தேறிவிடும். 10 புள்ளி மட்டும் பெறும் பட்டமாயின் 30தான் ஆகும். எஞ்சிய 10 புள்ளிக்குச் சம்பளத்தை உயர்த்த வேண்டும். தனியார் கல்லூரியின் டிப்ளமா மட்டும் உடையவராயின், எஞ்சிய 20 புள்ளியும் சம்பளத்திலிருந்தே வரவேண்டும். அதாவது நூறில் தொண்ணூறு பேரைத் தாண்டும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஒரே கடை, ஒரே மாமன். எந்தக் கல்லூரி என்பதே செலவைத் தீர்மானிக்கிறது. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே வேலை அனுமதியின் பாதி முடிவாகிவிடுகிறது என்பதை இதனால் உணரலாம்.

மனுச் செய்யும் முறை

வேலையை அரசாங்கத்தின் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் இணையத்தளத்தில் குறைந்தது 14 நாள் விளம்பரம் செய்து, உள்நாட்டவரின் விண்ணப்பங்களை நியாயமாகப் பரிசீலிக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான நிறுவனங்களுக்கு விளம்பர விதியிலிருந்து விலக்கு உண்டு. பின்னர் முதலாளியோ அவர் நியமித்த முகவரோ இணையவழி விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 105 வெள்ளி. மறுக்கப்பட்டாலும் திரும்பக் கிடைக்காது. அனுமதி வழங்கும்போது 225 வெள்ளி. விண்ணப்பிக்கும் முன் அமைச்சின் இணையத்தளத்தில் உள்ள சுயமதிப்பீட்டுக் கருவியில் சம்பளம், வயது, பட்டம் ஆகியவற்றைக் கொடுத்துப் பார்த்தால் தேறுமா தேறாதா என்பது ஓரளவு தெரியும். அதற்குக் கட்டணம் இல்லை.

கொள்கையளவு ஒப்புதல் கிடைத்தால் அது 6 மாதம் செல்லும். அதற்குள் அனுமதியைப் பெற்றுவிட வேண்டும். ஒப்புதல் கடிதம் வந்ததுமே வேலையைத் தொடங்கலாகாது. அனுமதி வழங்கப்பட்ட பின்னரே தொடங்கலாம். முதல் அனுமதி பொதுவாக 2 ஆண்டு வரை. புதுப்பித்தால் 3 ஆண்டு வரை. அது குறிப்பிட்ட முதலாளிக்கும் குறிப்பிட்ட வேலைக்கும் உரியது. கணக்காய்வாளர் என்று எழுதிவிட்டுக் கல்லாவில் நிறுத்தக் கூடாது. சிற்றப்பா கடைக்கு இரவல் கொடுக்கவும் கூடாது.

எஸ் பாஸின் கணக்கு

எம்ப்ளாய்மென்ட் பாஸ் எட்டாதபோது சிலர் எஸ் பாஸைக் கேட்கிறார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் அதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் 3,300 வெள்ளி. இதுவும் வயதோடு ஏறும். ஆனால் இங்கு வேறு இரு சுமைகள் உண்டு. முதலாளி மாதந்தோறும் 650 வெள்ளி தீர்வை கட்ட வேண்டும். சேவைத் துறையில் மொத்தச் சிப்பந்திகளில் பத்தில் ஒரு பங்கே எஸ் பாஸ்காரராக இருக்கலாம். மேற்சொன்ன எட்டுப் பேர் கடையில் பிள்ளையையும் சேர்த்தால் ஒன்பது பேர், ஒன்றுக்கும் இடமில்லை. எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு இந்தத் தீர்வையும் இல்லை, இந்த ஒதுக்கீடும் இல்லை.

கல்விக் கட்டண மானியம்

அரசின் கல்விக் கட்டண மானியத்தை ஏற்கும் வெளிநாட்டு மாணவர், படிப்பு முடிந்ததும் சிங்கப்பூரில் பதிவான நிறுவனம் ஒன்றில் மூன்றாண்டு வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுக்கிறார். "அரசாங்கமே வேலை செய்யச் சொல்லிவிட்டது, அனுமதி தானாக வரும்" என்று இதற்குப் பொருள் கொள்வோர் உண்டு. அது பிழை. கடமை மாணவருடையது, அனுமதிக்கான தகுதியோ மேற்சொன்ன அதே கணக்கின்படிதான். கடமையை நிறைவேற்றாவிடில் மானியத்தை வட்டியுடன் திருப்பிக் கொடுக்க நேரிடும். பிள்ளைக்காக ஜாமீன் கையெழுத்துப் போடும் மாமன்மார், போடும் முன் ஷரத்துகளை ஒருமுறை முழுவதும் படித்துக் கொள்வது நலம்.

காகிதச் சம்பளம் என்னும் ஆபத்து

கணக்கு எட்டாதபோதுதான் சபலம் பிறக்கிறது. மனுவில் 5,600 வெள்ளி என்று எழுதி, வங்கியில் அவ்வாறே போட்டுவிட்டு, மாதக் கடைசியில் பாதியை ரொக்கமாகத் திரும்ப வாங்கிக்கொள்ளும் யோசனை எங்கும் காதில் விழுகிறது. பொய்த் தகவல் கொடுப்பதற்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. வேலை கொடுத்ததற்காக ஊழியரிடம் பணம் பெறும் முதலாளிக்கு அபராதம் 30,000 வெள்ளி வரை செல்லும். அதற்கும் இரண்டாண்டு வரை சிறை உண்டு. அப்படிப்பட்டவர் இனி அந்நிய ஊழியரை எடுக்க முடியாதபடி தடுக்கப்படலாம். பிள்ளையும் இந்நாட்டில் வேலை செய்யும் வாய்ப்பை இழக்க நேரலாம்.

தண்டனை ஒருபுறமிருக்க, இதை நியாயத்தின் கண்கொண்டும் பார்ப்போம். நிறுவையில் ஒரு மணி குறைந்தாலும் வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று அஞ்சுவது நம் மார்க்கம் கற்பித்த வர்த்தக ஒழுக்கம். சொந்தச் சகோதரியின் பிள்ளைக்கு எழுதிய கூலியைக் குறைத்துக் கொடுப்பதும் அந்த நிறுவையைச் சேர்ந்ததே.

இயலாதென்று கண்டால் ஆரம்பத்திலேயே இயலாதென்று சொல்லிவிடுவது பிள்ளைக்கு நாம் செய்யும் பெரிய உபகாரம். வேலை தேட உள்ள ஓராண்டில் அவர் வேறு நிறுவனங்களைத் தேடிக்கொள்வார். "பார்க்கலாம், பார்க்கலாம்" என்று பத்து மாதம் கடத்திவிட்டுப் பிறகு கை விரித்தால், அவருடைய தவணை நம்மால் தீர்ந்துபோகிறது.

நினைவில் கொள்ள வேண்டியவை

1. கல்லூரியில் சேர்க்கும் முன்பே, அதன் பட்டத்துக்கு எத்தனை புள்ளி, படிக்கும்போது வேலை செய்ய அனுமதி உண்டா, படித்த பின் ஓராண்டு தங்க வழி உண்டா என்று கேட்டறிக.

2. கடைசி ஆண்டில், அன்று நடப்பிலுள்ள சம்பளத் தொகையை அமைச்சின் இணையத்தளத்தில் பார்த்துக் கொள்க. பழைய தொகையை நம்பற்க.

3. கடையில் அந்தப் பட்டத்துக்கு உரிய வேலை மெய்யாகவே இருக்கிறதா, அந்தச் சம்பளத்தை இரண்டாண்டு தாங்க முடியுமா என்று பேரேட்டைப் பார்த்து முடிவு செய்க.

4. முடியுமெனில் படிப்பு முடியும் முன்பே ஏற்பாடுகளைத் தொடங்குக. முடியாதெனில் அன்றே சொல்லிவிடுக.

5. அனுமதி வழங்கப்படும் வரை கடையில் ஒரு வேலையும் வாங்கற்க.

ஊரிலிருக்கும் தாய், தம்பியின் கடையை நம்பித்தான் மகனை அனுப்பி வைக்கிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் கொடுக்க வேண்டிய விடை, சரியான காலத்தில் போட்ட சரியான கணக்கேயாகும்.