ஆல்டிஹைடு நிலையில் நிற்கும் ஆக்ஸிகரணம்

கேரள மலைச்சரிவுகளில் விளையும் எலுமிச்சைப்புல்லின் எண்ணெய்க்கு மதிப்பைத் தருவது, அதிலுள்ள சிட்ரால் என்னும் ஆல்டிஹைடாகும். நல்ல எண்ணெயில் இது நூற்றுக்கு 75 பங்கு அளவில் இருக்கும். இப்பயிருக்கெனப் பெரும்பாவூரை அடுத்த ஓடக்காலியில் 1951-ல் ஓர் ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது. இதே இனத்துப் பாமரோசாப் புல்லின் எண்ணெயிலோ ஜெரானியால் என்னும் ஆல்கஹால் மிகுதி. முன்னது எலுமிச்சை மணமும் பின்னது ரோஜா மணமும் உடையவை. மூலக்கூறில் உள்ள வேற்றுமை இரண்டே ஹைட்ரஜன் அணுக்கள்: ஜெரானியாலில் 18, சிட்ராலில் 16.

அவ்விரண்டையும் நீக்குவது எளிது; அந்நிலையில் நிறுத்துவதே அரிது. நீர்க்கரைசலில் ஆல்டிஹைடு நீருடன் கூடி, ஒரே கரி அணுவில் இரு ஹைட்ராக்ஸில் தொகுதிகளைப் பெறுகிறது. இதுவும் ஆல்கஹாலைப் போன்றே ஹைட்ரஜனை இழந்து அமிலமாகிவிடும். பெர்மாங்கனேட்டைப் பயன்படுத்தினாலோ இரட்டைப் பிணைப்புகளும் தாக்குண்டு மூலக்கூறே சிதையும். மெந்தால் போன்ற ஈரிணைய ஆல்கஹாலுக்கு இத்தொல்லை இல்லை. அது மெந்தோன் என்னும் கீட்டோன் ஆனபின், அக்கரி அணுவில் இழப்பதற்கு ஹைட்ரஜன் எஞ்சுவதில்லை.

ஆகவே நீரற்ற கரைப்பானும் மென்மையான ஆக்ஸிகரணியும் வேண்டும். புதிதாகத் தயாரித்து உலர்த்திய மாங்கனீஸ் டையாக்ஸைடு இதற்கு உகந்தது. ஹெக்ஸேனில் கரைத்த ஜெரானியாலுடன் இதனை மிகுதியாகச் சேர்த்து, அறை வெப்பநிலையிலேயே குலுக்கினால் போதும். (அருகில் சுடர் கூடாது.) இரட்டைப் பிணைப்பை அடுத்துள்ள ஆல்கஹாலையே இது விரைந்து மாற்றும். சிட்ராலின் இரு வடிவங்களுள் ஒன்றான ஜெரானியல் பெரும்பாலும் கிடைக்கும். கரிய தூளை வடிகட்டி, ஒரு துளியைத் தாளில் உலரவிட்டு முகர்ந்தால், ரோஜா மணம் எலுமிச்சை மணமாகியிருப்பதை மாணவர் தாமே அறிவர். மின்கலத்தில் உள்ள பழந்தூள் இதற்குப் பயன்படாது.

இம்முறையின் பெருமை மணத்தோடு முடிவதன்று. 1948-ல் லிவர்ப்பூலில் மார்ட்டனும் அவருடன் உழைத்தோரும் இவ்வாறே வைட்டமின் ஏ ஆல்கஹாலைப் பார்வைக்கு ஆதாரமான ரெட்டினாலாக மாற்றினர்.

1975-ல் கோரியும் சக்ஸும் அறிமுகப்படுத்திய பிரிடினியம் குளோரோகுரோமேட்டும் ஆல்டிஹைடிலேயே நிற்கும். வித்துராவிலுள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் தக்க காப்புடன் அதைக் கையாளலாம். ஆறிணைதிறக் குரோமியம் புற்றுநோய் விளைப்பதாதலின் பள்ளிகளில் அது வேண்டா.

களப்பணியாளர்க்கு ஒரு சொல். சிட்ராலைக் காற்றே மெல்ல ஆக்ஸிகரிக்கும். எண்ணெயை நீர் நீக்கி, கலம் நிறைய ஊற்றி, நன்கு மூடி, ஒளிபடாமல் வைக்கச் சொல்லுங்கள். ஐயமெழின், 10 மில்லிலிட்டர் எண்ணெயைச் சோடியம் பைசல்பைட்டின் சூடான கரைசலுடன் நெடுநேரம் குலுக்குக. ஆல்டிஹைடு கரைசலில் இறங்கிவிடும். மிதக்கும் எச்சம் 3 மில்லிலிட்டராயின் ஆல்டிஹைடு நூற்றுக்கு 70 பங்காகும்.