விளையாட்டு வகுப்பில் எல்லாக் குழந்தைகளுக்கும் இடம்

உடற்கல்வி வேளையில் மாற்றுத்திறன் கொண்ட குழந்தையை மரநிழலில் அமர வைத்துவிடும் வழக்கத்தை நாம் இன்னும் காண்கிறோம். பெரும்பாலும் அதற்குக் காரணம் ஆசிரியரின் அச்சமே. பயிற்சிக் காலத்தில் இக்குழந்தைகளோடு பழகாதவருக்கு அவ்வச்சம் எளிதில் நீங்காது.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அரசு நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் விளையாட்டிலும் சம வாய்ப்பளிக்க வேண்டும் என்கிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிட உடலியக்கம் தேவை என்னும் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை இவர்களுக்கும் உரியதே.

உடற்கல்வி ஆசிரியராகப் பயில்வோர் நான்கினை மாற்றியமைக்கக் கற்க வேண்டும்: இடம், செயல், கருவி, உடன் ஆடுவோர். ஆடுகளத்தைச் சிறிதாக்கலாம்; விதியைத் தளர்த்தலாம்; பார்வைக் குறைபாடுள்ள குழந்தைக்கு மணியொலிக்கும் பந்தைத் தரலாம்; செவித்திறன் குறைந்த குழந்தைக்கு விசிலுக்குப் பதிலாகக் கொடி அசைக்கலாம்; துணையாக ஒரு தோழரைச் சேர்க்கலாம். இதனை ஏட்டில் படித்தால் மட்டும் போதாது. பயிற்சியின்போதே இக்குழந்தைகளுக்கு வகுப்பெடுத்துப் பழக வேண்டும்.

பெற்றோருக்கும் இதில் பங்குண்டு. 'விளையாட்டிலிருந்து விலக்கு' என்னும் சான்றிதழோடு நின்றுவிடாதீர்கள். குழந்தை செய்யக்கூடியவை எவை, தவிர்க்க வேண்டியவை எவை என்று மருத்துவரிடமும் இயன்முறை சிகிச்சையாளரிடமும் எழுதிப் பெறுங்கள். சான்றாக, டவுன் நோய்க்குறியுள்ள குழந்தை, கழுத்தெலும்பின் நிலையை மருத்துவர் ஆராயுமுன் குட்டிக்கரணம் போடலாகாது. அதற்காகப் பந்தெறிவதையும் நிறுத்த வேண்டியதில்லை. அக்குறிப்பை ஆசிரியரிடம் நேரில் கொடுத்துப் பேசுங்கள். எதைச் செய்விக்கலாம் என்று தெளிந்த ஆசிரியர், குழந்தையை நிழலிலிருந்து களத்திற்கு அழைப்பார் என்று நம்புகிறோம்.