பாலாற்று நாட்டின் பழஞ்செல்வம்

தமிழ்நாட்டின் கடற்கரை 1,000 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கின்றது. அதன் வடபகுதியைத் தன்பாற் கொண்டு விளங்குவது தொண்டை நாடு. இதனை வளப்படுத்துவன பாலாறும், அதனோடு கூடும் சேயாறும் வேகவதியும் ஆகும். இவ்வாறுகளின் கரைவழியே சென்று காண்பார்க்கு, ஒரு நாட்டு மக்கள் தம் செல்வத்தை எங்ஙனம் ஆக்கினர், எங்ஙனம் காத்தனர் என்பது இனிது புலனாகும்.

காஞ்சிக்குத் தெற்கே, உத்தரமேரூருக்குச் செல்லும் வழியில், சேயாற்றங்கரையில் மாகறல் என்னும் சிற்றூர் உள்ளது. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற பதி இது. அப்பதிகம் மூன்றாம் திருமுறையில் இடம்பெற்றுள்ளது. இறைவன் பொன்னிற உடும்பாகத் தோன்றிப் புற்றில் மறைந்தான் என்பது தலவரலாறு. வயலும் ஆறும் கோயிலும் ஒன்றோடொன்று இயைந்து நிற்கும் தொண்டை நாட்டு ஊரமைப்புக்கு மாகறல் நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

வேகவதிக் கரையில் விளங்கும் காஞ்சி மாநகர் பல்லவர்தம் தலைநகராய்த் திகழ்ந்தது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்மன் எடுப்பித்த கயிலாசநாதர் கோயில் இன்றும் அவன் புகழ் பேசுகின்றது. இந்நகரின் மற்றொரு புகழ் பட்டு நெசவாகும். காஞ்சிச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தன. இவ்விரண்டையும் ஊடையிழையால் கோத்து நெய்யும் முறைக்குக் ‘கோர்வை’ என்று பெயர். இதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும். தறியில் நெசவாளரோடு துணையாள் ஒருவரும் அமர்தல் வேண்டும். முந்தியின் பாவிழைகளை உடலின் பாவிழைகளோடு ஒன்றன்பின் ஒன்றாக இணைப்பது ‘பிட்னி’ எனப்படும். கண்ணும் கையும் மனமும் ஒன்றினாலன்றி இத்தொழில் கைகூடாது.

உத்தரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுக்கள் உள்ளன. குடவோலை முறையால் ஊர்வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த வகையை அவை விரித்துரைக்கின்றன. பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் தேர்தலுக்கு உரியவராகார் என்று விதித்தமை எண்ணி மகிழ்தற்குரியது. பாலாறும் சேயாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது பதினைந்து நோயாளர்க்குப் படுக்கை வசதியுடன் விளங்கிய ஆதுலர்சாலையைப் பற்றிக் கூறுகின்றது. கோயில் வழிபாட்டிடமாக மட்டுமன்றிக் கல்விக்கும் மருத்துவத்திற்கும் நிலைக்களமாக இருந்ததென்பது இதனால் விளங்கும்.

வேடந்தாங்கல் ஏரியில் நீர்க்கடம்ப மரங்களின்மேல் நாரைகளும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் ஆண்டுதோறும் வந்து தங்குகின்றன. அவற்றின் எச்சம் கலந்த நீர் வயல்களுக்கு நல்ல உரமாயிற்று. இதனை உணர்ந்த உழவர்கள், பறவைகளை வெள்ளையர் சுடுவது கண்டு முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் காப்புரிமை ஆணையும் பெற்றனர். அவ்வேரி 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்றது.

பாலாறு வயலூர் அருகே கடலை அடைகின்றது. அதற்கு வடக்கே மாமல்லபுரம் அமைந்துள்ளது. ஒற்றைக்கல் தேர்களும், பாறையிற் செதுக்கிய பெருஞ்சிற்பத் தொகுதியும், அலைவாய்க் கோயிலும் காண்பார் உள்ளத்தைக் கவர்வன. இவை 1984-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பெற்றன.

எனினும், இச்செல்வங்கள் யாவும் தாமே நிலைத்து நில்லா. இன்று பாலாறு ஆண்டின் பெரும்பகுதி நீரின்றி வெறும் மணற்பரப்பாய்க் கிடக்கின்றது. அம்மணலும் மிகுதியாக அள்ளப்படுவதால் நிலத்தடி நீர் கீழே செல்கின்றது. விசைத்தறியில் விரைந்து நெய்த சேலைகள் காஞ்சிப் பட்டின் பெயரால் விலைபோகின்றன. உழைப்புக்கேற்ற கூலி கிட்டாமையால் நெசவாளர்தம் மக்கள் பலர் வேறு தொழில் நாடுகின்றனர். கல் நூற்றாண்டுகள் பல நிற்கும். கைத்தொழிலோ கற்பாரின்றேல் ஒரு தலைமுறையில் மறைந்துவிடும்.

வேடந்தாங்கல் உழவர்கள் பெரும்பொருள் படைத்தவரல்லர். அரசாளும் அதிகாரம் பெற்றவருமல்லர். தம் ஊருக்கு நன்மை தருவது எதுவென அறிந்தனர். அதனைக் காக்கத் தாமே முன்வந்தனர். ஆற்றையும் தறியையும் காக்க விழைவோர்க்கு அவ்வுழவர் காட்டிய நெறியே நன்னெறியாகும்.