பால்கனியில் ஒரு லாரல்

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ வாங்கிய ‘பே லீஃப்’ செடியின் இலைகள் பழுத்து உதிர்கின்றன, தினமும் தண்ணீர் விட்டும் தேறவில்லை என்று எழுதியிருந்தாய். தினமும் விடுவதுதான் கோளாறு. ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி: உன் தொட்டியில் இருப்பது எந்தச் செடி?

பெங்களூரு நர்சரிகளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் மூன்றில் ஏதாவது ஒன்று கைக்கு வரலாம். ஓர் இலையைத் திருப்பி நரம்பைப் பார். அடியிலிருந்து நுனியை நோக்கி மூன்று நரம்புகள் நீளவாக்கில் ஓடினால் அது நம் பிரிஞ்சி இலை. இமயமலை அடிவாரத்து மரம். பட்டைக்கு நெருங்கிய சொந்தம், கசக்கினால் அதே வாசனை வரும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருந்து கிராம்பு மணம் அடித்தால் சர்வசுகந்தி. இலைகள் ஒன்று மாற்றி ஒன்றாக, விளிம்பு லேசாக நெளிந்து, யூகலிப்டஸை நினைவூட்டும் மணம் இருந்தால்தான் அசல் லாரல். பண்டைய கிரேக்கத்தில் டெல்ஃபி போட்டிகளில் வென்றவர்களின் தலையில் சூட்டியது இதன் தழையைத்தான். மூன்றுமே சமையலுக்கு ஆகும். மணமே இல்லாத இலையை மட்டும் குழம்பில் போட்டுவிடாதே. அரளி இலையும் தடித்து, கரும்பச்சையாகத்தான் இருக்கும், அது விஷம்.

உன்னுடையது லாரல் என்றே வைத்துக்கொள்வோம். அதன் பூர்வீகம் மத்தியதரைக் கடலோரம். அங்கே மழை குளிர்காலத்தில் பெய்யும்; கோடை வறண்டு கிடக்கும். உங்கள் ஊரில் எல்லாம் தலைகீழ். மே மாதம் தொடங்கி அக்டோபர்வரை மழை, அதிலும் செப்டம்பரில் கொட்டித் தீர்க்கும். கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் சென்னை மாதிரி வெயில் வறுக்காது. அந்த ஒரு சௌகரியத்தில்தான் லாரல் அங்கே பிழைக்கிறது. அதற்கு ஆகவே ஆகாதது வேரடியில் தேங்கும் நீர். வேர் மூச்சுத்திணறி அழுகிவிட்டால், மண்ணில் ஈரம் இருந்தும் செடியால் உறிஞ்ச முடியாது. இலை தொங்கும். நாம் தாகம் என்று நினைத்து மேலும் ஊற்றுவோம்.

ஆகவே தொட்டியை மாற்று. மண் தொட்டி நல்லது, அடியில் துளை கட்டாயம். செம்மண்ணோடு மட்கிய தொழு உரமும் கரடான மணலும் கலந்துகொள். கோகோபீட்டை அள்ளிக் கொட்டாதே, அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பார். காய்ந்திருந்தால் மட்டும், அடியில் வழியும்வரை தண்ணீர் விடு. மழைக்காலத்தில் தொட்டிக்கடியில் தட்டு வேண்டாம். காலை வெயில் படும் பக்கம் வை. மார்ச், ஏப்ரல் மதிய வெயிலில் கொஞ்சம் நிழல் கொடு.

பூச்சி என்று பார்த்தால் பெரிய தொல்லை செதில் பூச்சி. முதலில் பூச்சி என்றே தோன்றாது. இலையின் அடிப்பக்கம், நடுநரம்பை ஒட்டி, பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள். நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். கீழ் இலைகளில் பிசுபிசுப்பு, அதன்மேல் கரும்பூஞ்சை, தண்டில் எறும்பு வரிசை. எறும்பைக் கண்டாலே இலையைத் திருப்பிப் பார்த்துவிடு. பழைய டூத்பிரஷ்ஷைச் சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தேய்த்து எடு. பிறகு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து, சாயங்காலம் தெளி. வாரம் ஒருமுறை என்று சில வாரங்கள் விடாமல் செய்ய வேண்டும். ஒரே நாளில் ஒழியாது.

வளர்ச்சி மெதுவாகத்தான் இருக்கும், அதற்காக உரத்தை வாரி இறைக்காதே. கிளை நட்டு வேர்விட மாதக்கணக்கில் ஆகும். உன் தோழிக்கு ஒரு செடி கொடுக்க வேண்டுமானால் பதியன் போடுவது மேல்.

சமையலுக்கு முற்றிய இலைதான் சரி. தளிரில் மணம் குறைவு. பறித்த இலையை நிழலில் உலர்த்தினால் கசப்பு தணியும். உனக்கு அவசரம் என்று தெரியும். ஆனாலும் முதல் இரண்டு வருஷம் ஓர் இலையும் கிள்ளாதே. பிரியாணிக்கு அதுவரை கடையில் வாங்கிக்கொள்.

அன்புடன்,
உன் சித்தப்பா