அடைமழைக்கு முன் ஒரு டின் பன்னாடை

புரட்டாசி வெயில் மிச்சமிருக்கும்போதே தேர்வாய் கண்டிகை, கண்ணன்கோட்டைப் பக்கத்தார் அடுப்புப் பற்றவைக்கும் பன்னாடைச் சுருட்டுகளைக் கட்டி முடித்துவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை பெரும்பாலும் அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கிவிடும். 2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். அப்படியொரு வாரத்தில் சிலிண்டர் வண்டி வராவிட்டால் கொல்லைப்புற அடுப்புதான் கதி. விறகு இருக்கும், பற்றாது. ஈர விறகுக்குக் கொடுக்கும் சூடெல்லாம் அதிலுள்ள தண்ணீரை விரட்டவே போய்விடும். விறகு காய்ந்து பிடிக்கும்வரை தாங்குகிற முதல் தீ வேண்டும்.

சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் சுள்ளி பொறுக்கும் இடம் சுருங்கிவிட்டது. இருந்தாலும் தென்னை உள்ள வீட்டில் பன்னாடைக்குப் பஞ்சமில்லை. அதை உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, நடுவில் உதிர்த்த தேங்காய் நாரும் ஒரு பிடி வேர்க்கடலைத் தோலும் வைத்துச் சுருட்டி, வாழை நாரால் கட்டுங்கள். ஒரு முனையில் நார் திரிபோல நீட்டிக்கொண்டிருக்கட்டும். இறுக்கிக் கட்டாதீர்கள். காற்று புகாத சுருட்டு புகையுமே தவிர எரியாது. முதல் தடவை நான் கட்டியதெல்லாம் அப்படித்தான் வீணாயிற்று.

தைல மர இலையிலும் காய்ந்த சாத்துக்குடித் தோலிலும் எண்ணெய் உண்டு. குபீரென்று பிடித்து அதே வேகத்தில் அணைந்துவிடும் என்பதால் கொஞ்சமாக உள்ளே செருகினால் போதும். கரித்தூளைக் கஞ்சியில் பிசைந்து உருட்டுபவர்கள் கவனியுங்கள்: அந்த உருண்டை தீக்குச்சிக்குப் பிடிக்காது. பற்றிய தீயைத் தக்கவைக்கத்தான் அது. ஆண்பனையின் காய்ந்த பூவும் அப்படியே நின்று கனலும். கார்த்திகைக்கு மாவலி சுற்றப் பிள்ளைகள் கேட்பார்கள், அவர்கள் பங்கை எடுத்து வைத்துவிடுங்கள்.

சைக்கிள் டியூப், டயர்த் துண்டு, பால் கவர் எதையும் அடுப்பில் போடாதீர்கள். சீக்கிரம் பிடிக்கும்தான், ஆனால் அந்த நச்சுப்புகை சமைப்பவர் நெஞ்சுக்குள் போகும். அரளிக் குச்சியும் ஆகாது. மழைநாளில் கரியடுப்பை மூடிய அறைக்குள் கொண்டுபோகவே கூடாது.

சுருட்டுகளை மூன்று நான்கு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். கசக்கினால் நொறுங்க வேண்டும். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள பிஸ்கட் டின்னில் அடைத்து, அடுப்பிலிருந்து எட்டத் தள்ளி வையுங்கள். மழையில் விறகுக் குவியலுக்குள் தேள், பாம்பு ஒதுங்கும் என்பதால், கொஞ்சம் சுள்ளியையும் திண்ணைமேல் ஏற்றிவிடுவது நல்லது. தீப்பெட்டியும் அதே டின்னுக்குள்ளேயே இருக்கட்டும்.