வீட்டுப் பட்டறையில் ஒலிபெருக்கி அமைத்தல்

மோட்டார் வண்டி நிறுத்துவதற்கெனக் கட்டப்பட்ட கொட்டகையை மரவேலைக்கும் இரும்பு வேலைக்கும் உரிய சிறு பட்டறையாக மாற்றிக்கொள்ளும் வழக்கம் பல நகரங்களில் காணப்படுகிறது. அங்கு வேலை செய்பவர் பாடலோ செய்தியோ கேட்க விரும்பி ஒலிபெருக்கி அமைப்பதும் இயல்பே. ஆயினும், வீட்டுக் கூடத்தில் இனிமையாக ஒலித்த அதே கருவி கொட்டகையில் தெளிவின்றி முழங்குவதைப் பலர் கண்டிருப்பர். பெரும்பாலும் குறை கருவியில் இல்லை, அறையில் உள்ளது.

எதிர்முழக்கம்

சிமெண்டுத் தரையும் பூச்சுச் சுவரும் தம்மீது விழும் ஒலியில் மிகச் சிறு பகுதியையே உறிஞ்சுகின்றன. எஞ்சியதைத் திருப்பி அனுப்புகின்றன. ஒலியின் செறிவு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகக் குறைய எடுத்துக்கொள்ளும் காலமே எதிர்முழக்கக் காலம் எனப்படும். 1895-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில், பேச்சு விளங்காத ஒரு விரிவுரைக் கூடத்தைச் சீர்செய்யும் பணி வாலஸ் சபைன் என்னும் பௌதிக ஆசிரியரிடம் ஒப்படைக்கப்பட்டது. இருக்கை மெத்தைகளைக் கூடத்துள் சிறிது சிறிதாகச் சேர்த்து அவர் கண்ட விதி வருமாறு: அறையின் கன அளவை 0.16-ஆல் பெருக்கி, மொத்த உறிஞ்சு திறனால் வகுத்தால், எதிர்முழக்கக் காலம் விநாடிகளில் கிடைக்கும்.

6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உள்ள கொட்டகையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 72 கன மீட்டர். உட்பரப்பு 108 சதுர மீட்டர். உறிஞ்சு எண் 0.03 எனக் கொண்டால், காலம் ஏறக்குறைய 3.6 விநாடி ஆகும். ஓர் அசை மறையுமுன் பல அசைகள் வந்து கலந்துவிடுகின்றன. உறிஞ்சு எண் 0.5 உள்ள தடித்த பஞ்சுப் போர்வைகளை 20 சதுர மீட்டர் பரப்பில் தொங்கவிட்டால், காலம் ஏறக்குறைய 0.9 விநாடியாகக் குறையும். தீப்பொறி பறக்கும் இடத்துக்கு அருகில் மட்டும் இவற்றைத் தொங்கவிடலாகாது.

ஆற்றலை மிகுதியாக்குவது இதற்குப் பரிகாரமன்று. பெருக்கியின் ஆற்றலை இருமடங்காக்கினாலும் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும்; முழக்கமும் உடன் உயரும்.

இணைப்பு முறை

1. 8 ஓம் ஒலிபெருக்கிகள் இரண்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 4 ஓம் ஆகும். தொடர் இணைப்பில் 16 ஓம் ஆகும். பெருக்கி தாங்கும் குறைந்த அளவை அறிந்த பின்னரே இணைத்தல் வேண்டும்.

2. 10 மீட்டர் தொலைவுக்கு 0.75 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியைப் பயன்படுத்தினால், போக வர 0.46 ஓம் தடை உண்டாகும். 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது பாதியாகும்; இதுவே தக்கது.

3. இரு பெட்டிகளிலும் நேர்முனை, எதிர்முனை ஒத்திருத்தல் வேண்டும். ஒன்று மாறினால் தாழ்ந்த சுரங்கள் ஒன்றையொன்று அழிக்கும். 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் தொட்டு, கூம்பு இரண்டிலும் ஒரே பக்கமாக நகர்கிறதா எனச் சோதிக்கலாம். இச்சோதனையின்போது பெருக்கியின் இணைப்பு நீக்கப்பட்டிருத்தல் அவசியம்.

4. இரும்புத் தூளைக் காந்தம் ஈர்க்கும். ஆதலால் பெட்டிகளைச் சாணைக்கு எட்டாத தொலைவில், வேலை செய்பவரின் காது உயரத்தில் அமைத்தல் நன்று.

5. இரைச்சலை நீக்கும் பொருட்டு மூன்று முனைச் செருகியின் நில இணைப்பைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தானது. எக்காரணம் கொண்டும் இதைச் செய்யலாகாது.

செவியின் பாதுகாப்பு

85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரமும், 88 டெசிபெல்லை 4 மணி நேரமும் கேட்பதே உயர்ந்த வரம்பாகக் கொள்ளப்படுகிறது. சுழல் ரம்பத்தின் ஓசை 95 டெசிபெல்லையும் தாண்டக்கூடும். அதற்கு மேல் பாட்டைக் கேட்க முயல்பவர் ஒலியை மேலும் உயர்த்துவார். மனிதனின் உட்செவியிலுள்ள நுண்மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் வளர்வதில்லை. மேலும், ரம்பம் திணறும் ஓசையே விபத்தின் முன்னறிவிப்பு. பாட்டு அதனை மறைத்துவிடும். எனவே, இயந்திரம் ஓடும்போது ஒலிபெருக்கியை நிறுத்திக் காதடைப்பான் அணிவதே முறை.

அண்டை வீட்டாரையும் எண்ணுதல் வேண்டும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்பது 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வகுத்த அளவாகும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவு எனக் கொள்ளப்படுகிறது.

வகுப்பில் செய்ய

வெற்றறையில் ஒருமுறை கைதட்டி, ஓசை மறையும் வரை மாணவர் விநாடிகளை எண்ணட்டும். போர்வைகளையும் பாய்களையும் தொங்கவிட்ட பின் மீண்டும் தட்டி எண்ணட்டும். அறையின் அளவுகளைக் கொண்டு மேற்கூறிய விதிப்படி கணக்கிட்டு, இரண்டையும் ஒப்பிடுக.