மோட்டார் விற்குமுன் கேட்க வேண்டியவை

வீட்டு போர்வெல் மோட்டார் ஓடவில்லை என்று புதுச்சத்திரம் வட்டார வாடிக்கையாளர் வந்தால், உடனே புது மோட்டாரைக் காட்ட வேண்டாம். சிங்கிள் பேஸ் மோட்டாரானால் வோல்டேஜ், ஸ்டார்ட்டர் பெட்டியிலுள்ள கண்டன்சர், கேபிள் மூன்றையும் எலக்ட்ரீஷியனை வைத்து முதலில் பார்க்கச் சொல்லுங்கள். கண்டன்சர் மட்டும் போயிருந்தால் செலவு சில நூறு ரூபாய்தான். குழாயைத் தூக்கும் கூலியும் மிச்சம்.

காயில் எரிந்தது உறுதியானால், எச்.பி.யை மட்டும் கேட்காமல் கோடைகால நீர்மட்டத்தையும் கேளுங்கள். தண்ணீர் 300 அடியில் நின்றால் அதுவே சுமார் 91 மீட்டர் ஹெட். மேல்தொட்டி உயரமும் குழாய் உராய்வும் அதனுடன் சேரும். ஹெட் போதாவிட்டால் தண்ணீர் ஏறாது. ஊற்றுக்கு மிஞ்சிய பம்போ தண்ணீரின்றி ஓடிக் கெடும்.

நீர் நிரப்பும் வகை மோட்டாரானால், இறக்குமுன் சுத்தமான தண்ணீர் நிரப்ப வேண்டும் என்று பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். கண்டன்சரோடு திரும்பியவர், மோட்டார் தேவைப்படும்போது நம் கடைக்கே வருவார்.